நீர்க்கட்டி வேறு, இந்தக் கட்டி வேறு

"நீர்க்கட்டிதானே மேடம், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்னு சொன்னாங்க."

போன வாரம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது. உள்ளே இருந்தவள் அவருடைய 15 வயது மகள். இந்த ஆண்டில் இதே பேச்சோடு வந்த மூன்றாவது குடும்பம்.

அவர் கையில் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட் ஐந்து மாதம் பழையது. வலது சினைப்பையில் 9 செ.மீ. டெர்மாய்டு கட்டி என்று தெளிவாகவே எழுதியிருந்தது. வீட்டில் அதை நீர்க்கட்டி என்று எடுத்துக்கொண்டு, கழற்சிக்காயும் மிளகும் இடித்து வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறார்கள். சோற்றைக் குறைத்து, தினமும் ஸ்கிப்பிங் ஆட வைத்திருக்கிறார்கள். ஞாயிறு இரவு அடிவயிற்றில் சுருக்கென்று வலி, அடங்காத வாந்தி. பக்கத்தில் எங்கோ ஓர் ஊசி போட்டு, சூட்டு வலி என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது செவ்வாய் மாலை. கட்டியின் பாரத்தில் சினைப்பை மூன்று சுற்று முறுக்கிக் கிடந்தது.

பி.சி.ஓ.எஸ். எனும் ஹார்மோன் பிரச்சினையை 'நீர்க்கட்டி' என்று சொல்லிப் பழக்கியதில் டாக்டர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. அதில் தெரிபவை கட்டிகளே அல்ல. முட்டை வளர வேண்டிய சின்னப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர். முழுதாக வளராமல் ஓரமாக வரிசைகட்டி நிற்கும். அதற்குத்தான் எடைக் குறைப்பும் உணவுக் கட்டுப்பாடும். (வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்டக்கூடாது என்று 2018 சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. 13 வயதுப் பிள்ளைக்கு அந்த முத்திரை குத்துகிறவர்கள் கவனிக்கட்டும்.)

டெர்மாய்டு நிஜமான கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் எந்தக் கஷாயத்துக்கும் கரையாது. உள்ளே இருப்பது முடி, நெய் உறைந்தது போன்ற கொழுப்பு, சில சமயம் பல். சினைப்பையின் கருச்செல் ஒன்று தானாக வளர்ந்து இப்படி ஆகிறது. டிரேயில் அந்த முடிக்கற்றையைப் பார்த்ததும் அம்மா, "எம்பொண்ணுக்கு முடி முழுங்குற பழக்கமே இல்லையே மேடம்" என்றார். முடி முளைத்தது இரைப்பைக்குள் அல்ல, சினைப்பைக்குள் என்று புரியவைக்க வெகுநேரம் ஆனது.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டாம். மெல்லிய சுவரோடு, உள்ளே வெறும் நீரோடு, 5 செ.மீ.க்குள் இருப்பது இரண்டு மூன்று மாதவிலக்கில் தானே வற்றிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறு ஸ்கேன் போதும். வற்றாதது, வளர்வது, உள்ளே திடமாகத் தெரிவதுதான் எங்கள் கவலை.

திடக்கட்டி என்றதும் புற்றுநோய் என்று அலறவும் வேண்டாம். ஸ்கிளிரோசிங் ஸ்ட்ரோமல் டியூமர் என்று அரிதான ஒன்று உண்டு. பெரும்பாலும் 30 வயதுக்குள் வரும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அது கொட்டிக் கிடக்கும், பார்த்தால் புற்றுநோய் மாதிரியே இருக்கும். ஆனால் சாதுவான கட்டி. ஏ.எஃப்.பி., எல்.டி.ஹெச்., பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனைகளும், ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை எடுத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனும் இருக்கும்போது, பதற்றத்தில் சினைப்பையோடு வெட்டி எடுப்பது நியாயமே இல்லை.

அப்பாக்களே, ஹெச்.சி.ஜி. எழுதிக் கொடுத்தால் சண்டைக்கு வராதீர்கள். கர்ப்பத்தில் கூடுவது போலவே சில சினைப்பைக் கட்டிகளிலும் அது கூடும். உங்கள் மகளைச் சந்தேகப்பட்டு எழுதுவதில்லை. கன்னிப்பெண்ணுக்கு ஸ்கேனும் வயிற்றின் மேல்தான் செய்வோம். சிறுநீரை அடக்கிக்கொண்டு வந்தால் போதும்.

நேரத்துக்கு வந்தால் சின்னத் துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கட்டியை மட்டும் உரித்து எடுத்துவிடலாம். காகிதம் போல் மெலிந்து ஒட்டியிருக்கும் சினைப்பையிலும் முட்டைகள் உண்டு. முறுக்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கறுத்துப்போனதைக்கூட இப்போது உடனே எடுப்பதில்லை. முறுக்கைப் பிரித்து விட்டுவைக்கிறோம், பல பிள்ளைகளுக்குத் தேறிவிடுகிறது. இவளுக்குப் பிரித்தும் பயனில்லை. தொட்ட இடமெல்லாம் பிய்ந்து வந்தது. எடுக்க வேண்டியதாயிற்று.

மாதவிலக்குக்கும் குழந்தைப்பேற்றுக்கும் ஒரு சினைப்பை போதும் என்பதை அந்த அம்மாவிடம் நாலு முறை சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன், பெண் பார்க்க வருகிறவர்கள் வரை தெரியட்டும். ஆனால் இனி அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். டெர்மாய்டு மறுபக்கமும் வரக்கூடியது என்பதால் தவறாமல் ஸ்கேன் பார்த்துவர வேண்டும்.

ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்', அதாவது கட்டி என்று இருந்தால், எத்தனை சென்டிமீட்டர், நீரா திடமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உடம்பு பூசாமல் வயிறு மட்டும் பெருத்தால் துப்பட்டாவால் மறைத்து அனுப்பாதீர்கள், கூட்டி வாருங்கள். ஏற்கெனவே கட்டி இருக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கமாகத் திடீர் வலியும் வாந்தியும் வந்தால் ஓமத்தண்ணீர் வைத்து விடியும்வரை பார்க்காதீர்கள். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்று யாராவது சொன்னாலும் முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது. இரவு இரண்டு மணியானாலும் ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.