சுவரோரக் கொந்தளிப்பை அளப்பது

குழாயில் பாயும் நீரானாலும் விமானத்தை உரசிச் செல்லும் காற்றானாலும், பரப்பைத் தொடும் இடத்தில் அதன் வேகம் சுழியமே. அந்தச் சுழியத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏறும் மெல்லிய பகுதியே எல்லைப் படலம். 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில் இதை விளக்கினார். படலம் கொந்தளிக்கும்போது, வேக ஏற்றத்தின் பெரும்பகுதி சுவரை ஒட்டிய பாகு அடிப்படலத்திலும் (பாய்மத்தின் பாகுத்தன்மையே ஓட்டத்தை ஆளும் மிக மெல்லிய பகுதி) அதற்குச் சற்று மேலேயும் முடிந்துவிடுகிறது. வானில் விரையும் பயணிகள் விமானத்தில் இந்த அடிப்படலம் தலைமுடியின் தடிமன்கூட இராது. அதற்குள் எந்தக் கருவியை நுழைப்பது?

ஓட்டத்தை மெதுவாக்கினால் படலம் தடிக்கும். நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் ஓடும் நீரில் அடிப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கிளைன் குழுவினர் மெதுவான நீரோட்டத்தின் குறுக்கே, சுவரருகே, மெல்லிய பிளாட்டினக் கம்பியைப் பொருத்தி, மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தி, கம்பியில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் எப்படி அடித்துச் செல்லப்படுகின்றன என்று படம்பிடித்தனர். தாறுமாறான சுழிப்புக்குப் பதிலாக, மந்தமாக நகரும் நீர் நீண்ட கீற்றுகளாகத் திரண்டிருப்பது தெரிந்தது. கீற்றுகளுக்கிடையே சராசரி இடைவெளி அடிப்படலத் தடிமனைப்போல் சுமார் 20 மடங்கு. கீற்று மெல்ல மேலெழும், அலையும், திடீரெனச் சிதறும். சுவரருகே கொந்தளிப்பு பெருமளவு உற்பத்தியாவது இந்தச் சிதறலில்தான் என்று 1967-இல் வெளியான அவர்களின் கட்டுரை வாதிட்டது. இத்துறையில் இதைவிட எளிய சோதனை இவ்வளவு பெரிய விளைவைத் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காற்றில் அளக்க, சூடேற்றிய டங்ஸ்டன் கம்பி காற்றுபட்டு எவ்வளவு குளிர்கிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணிக்கலாம். ஆனால், சுமார் 5 மைக்ரோமீட்டர் தடிமனும் ஒரு மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கம்பி, தன் நீளத்தைவிடச் சிறிய சுழல்களைச் சராசரியாக்கி மறைத்துவிடும். சுவரை மிக நெருங்கினாலோ, வெப்பம் சுவருக்கும் கசிவதால் காற்று உள்ளதைவிட வேகமாக வீசுவதாகக் காட்டும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 13 செ.மீ. விட்டமுள்ள குழாயில் காற்றைச் சுமார் 200 வளிமண்டல அழுத்தம்வரை நெருக்கி, மிக உயர்ந்த ரெனால்ட்ஸ் எண்ணை எட்டினர். பாகுத்தன்மையோடு ஒப்பிட ஓட்டத்தின் நிலைமம் எவ்வளவு மிகுதி என்று காட்டும் இந்த எண், பாய்மத்தின் அடர்த்தியோ வேகமோ குழாயின் விட்டமோ கூடினால் உயரும். விலையாக, சுவரோரப் படலம் மேலும் மெலிந்தது. ஆகவே 60 மைக்ரோமீட்டர் நீளக் கம்பியை உருவாக்கிக் கருவியையே சுருக்க வேண்டியதாயிற்று. இத்தாலியின் பிரெடாப்பியோவில் எதிர்த்திசையில் சிந்தித்தனர்: பழைய விமானத் தொழிற்சாலைக்காக மலைக்குள் குடைந்த சுரங்கத்தில், 0.9 மீட்டர் விட்டமும் 100 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட குழாயை அமைத்தனர். காற்றை நெருக்காமலே உயர்ந்த ரெனால்ட்ஸ் எண் அங்கே கிடைக்கிறது. படலமும் கம்பிக்கு எட்டும் தடிமனில் இருக்கிறது.