‘சதுர ஜன்னல்தான் காரணம்’ என்று இனியும் சொல்லாதீர்கள்

போன வாரமும் நடந்தது. விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கரில், கதவோரத்துப் பழைய சீலன்டை (இடைவெளியை அடைக்கும் பசையை) ஒரு பயிற்சிப் பையன் எஃகு பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். கையிலிருந்து பிடுங்கினேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், விமானத்தின் அலுமினிய ஸ்கின்னில், அதாவது வெளித்தகட்டில், முடி போல ஒரு கீறல், ஒரு சாண் நீளத்துக்கு. “கீறல்தானே சார், பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும்.” உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். “சதுர ஜன்னல் வச்சதால விழுந்த பிளேன்” என்றான்.

எத்தனை பேர்தான் இதையே சொல்வார்கள்! படித்த இன்ஜினியர்களும் சொல்கிறார்கள்.

1949 ஜூலை 27 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் சோதனை விமானி ஜான் கன்னிங்காம் கோமெட்டின் முன்மாதிரியை முதல்முறை பறக்கவிட்டார். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு முதல் ஜெட் பயணிகள் சேவை. அதே விமானம் 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே பிளந்து 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொரு கோமெட், 21 பேர்.

இப்போது ஜன்னலுக்கு வருவோம். பயணிகள் ஜன்னலின் மூலைகளை வளைத்துத்தான் வெட்டியிருந்தார்கள். எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கியதோ கூரையில், ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ஒரு துளையின் விளிம்பில். திறப்புகளின் மூலையில் கணக்குப் போட்டதைவிட அதிக இழுவை உலோகத்தின்மேல் விழுந்தது உண்மை, வடிவத்துக்கும் பங்குண்டு. ஆனால் ‘சதுரம்’ என்று சொல்லி முடித்துவிட்டால், ஜன்னலை வட்டமாக்கியதும் பிரச்சினை தீர்ந்தது என்று ஆகிவிடுகிறது. அந்தத் துளை விளிம்பு இன்றைக்கும் ஒவ்வொரு விமானத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் கேபின் அழுத்தம் ஏறி இறங்கும்போது, விரிசல் அங்கிருந்தும் தொடங்கலாம், அந்தப் பையன் போட்டது போன்ற கீறலிலிருந்தும் தொடங்கலாம்.

கோமெட்டைக் கட்டிய டி ஹாவிலண்ட் கம்பெனி சோதிக்காமல் விடவில்லை. 1953-இல் அவர்களுடைய சோதனைக் கேபின் சுமார் 18,000 முறை அழுத்தம் ஏற்றி இறக்கும்வரை தாங்கியது. எல்பா விமானம் பறந்ததோ 1,290 முறைதான். காரணம், அந்தச் சோதனைக் கேபினில் முன்பே வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு வரை அழுத்தம் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். மூலைகளில் உலோகம் இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிட்டது; அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள உலோகம் அந்த இடத்தை நெருக்கிப் பிடித்தது. விரிசல் வாய் திறக்க வழியில்லை. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்த நெருக்கம் கிடைக்கவில்லை. விபத்துகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில், ஏற்கெனவே பறந்த ஒரு கோமெட்டின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துச் சோதித்தபோது, பறந்ததையும் சேர்த்து 3,000 முறையைச் சற்றுத் தாண்டியதுமே கேபின் கிழிந்தது. (டெஸ்ட் பீஸ், அதாவது சோதனைத் துண்டு, எடுக்கும் நண்பர்களே, அதன் பழைய வரலாற்றையும் எழுதி வையுங்கள்.)

பையன்களே, சீலன்ட் எடுக்க பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் மட்டும். அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள், கிராஃபைட் அரிக்கும். துளை போட்டால் பிசிறு எடுக்காமல் ரிவெட்டைத் தொடக் கூடாது. கீறல் கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், பெயின்ட் பூசாதீர்கள். இடத்தையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

லோடர் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமான் ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி கார்கோ கதவோரத்தில் லேசாக இடித்தாலும் சொல்லிவிடுங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் டார்ச்சோடு நான் வந்து பார்க்கிறேன்.