கமரா முக்காலி எப்போது உதவும், எப்போது உதவாது?

இரணைமடுக் குளக்கட்டில் நின்று, 600 மில்லிமீற்றர் லென்ஸைக் கையில் பிடித்தபடி ஒரு நீர்க்காகத்தைக் குறிபார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கமரா ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு திரும்புகிறது. பிடித்திருப்பவருக்கே தெரியாத அசைவு அது. ஆனால் கமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சரில் விழும் பிம்பம் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கமராவில் (35 மில்லிமீற்றர் ஃபிலிம் சட்டத்தின் அளவு சென்சர் உள்ளது) அது சுமார் 17 பிக்சல். அதே திருப்பம் 24 மில்லிமீற்றர் லென்ஸில் ஒரு பிக்சலைக்கூட எட்டாது. தூரத்துப் பறவையைக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸ், நம் நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது.

கை நடுங்காத ஆள் கிடையாது. ஆரோக்கியமான கையும் செக்கனுக்கு 8 முதல் 12 தடவை மெல்ல அதிரும். ஷட்டர் 1/1000 செக்கன் திறந்தால் அந்த அதிர்வில் நூறில் ஒரு பங்கு அளவு நேரமே படத்தில் பதியும். 1/20 செக்கன் என்றால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை முழு ஆட்டமும் பதியும். 600 லென்ஸுக்கு 1/600 செக்கனைவிட மெதுவாகப் போகாதே என்ற பழைய விதி இதற்காகத்தான். அது ஃபிலிம் காலத்து விதி. இன்று படத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்க்கும் நமக்கு அதன் இரட்டிப்பு வேகம் வேண்டும்.

லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுநீக்கி, கைரோ சென்சர்களால் கமராவின் திருப்பத்தை அறிந்து, ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அது அடக்குவது நம் அசைவை மட்டுமே. பருந்தின் சிறகு அசைவதை அதுவும் நிறுத்தாது, முக்காலியும் நிறுத்தாது. அதற்கு 1/2000 போன்ற வேகம் வேண்டும். அந்த வேகம் கிடைக்கும் வெளிச்சத்தில் பறக்கும் பறவைக்குக் கைதான் நல்லது. நினைத்த பக்கம் உடனே திரும்பலாம். கஷ்டம் என்னவென்றால் பாரம். 150-600 சூம் ஒன்றே ஏறக்குறைய 2 கிலோ. கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடித்தால் தசை களைத்து நடுக்கம் கூடும்.

விடியலின் மங்கல் வெளிச்சத்தில் கிளையில் அசையாமல் இருக்கும் ஆந்தை என்றால் கதை வேறு. அங்கே 1/60தான் கிடைக்கும், முக்காலி இல்லாமல் சரிவராது. முக்காலியை லென்ஸைச் சுற்றியுள்ள கழுத்துவளையத்தில், பாரம் சமனாகும் இடத்தில் பூட்ட வேண்டும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தினால் காற்றுக்கு ஆடும். அப்புறம், சில பழைய லென்ஸ்களின் அதிர்வுநீக்கி முக்காலியில் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே பிம்பத்தை அசைக்கும்; அணைத்துவிடுங்கள்.

வில்பத்து தேசியப் பூங்காவில் வாகனத்தைவிட்டு இறங்க முடியாது, முக்காலியை விரிக்க ஜீப்பில் இடமும் இல்லை. அங்கே என் தெரிவு அரிசி நிரப்பிய துணிப் பை. ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸை அழுத்தினால் மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை விழுங்கும். என்ஜினை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வங்காலைச் சேற்றுவெளியில் நண்பகலில் தூரத்துப் பூநாரைகளை எடுத்தால் இவை எதுவும் உதவாது. அங்கே அசைவது காற்று. சூடான தரைக்கு மேல் அடர்த்தி மாறி மாறி வரும் காற்றுப்படைகள் ஒளியை வளைக்கின்றன. எவ்வளவு விலையுயர்ந்த முக்காலியும் அதைச் சரிசெய்யாது. வெயில் ஏறுமுன் போய், இடையிலுள்ள காற்றின் தூரத்தைக் குறைப்பதுதான் வழி.