முதுகுக்குப் பின்னால் என்ஜின்: வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் ஏன் சுழல்கிறது?

மிட்-என்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஓர் எச்சரிக்கை கூடவே வரும்: "சொல்லாமல் கொள்ளாமல் சுற்றிவிடும்." 1989-ல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 மீது இந்தப் பழி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு டொயோட்டா அதன் சஸ்பென்ஷனைத் திருத்தி, பின் டயர்களை அகலமாக்கியும் பெயர் போகவில்லை. பழைய போர்ஷ் பாக்ஸ்டரையோ லோட்டஸ் எலீஸையோ செகண்ட் ஹேண்டில் வாங்கியவரும் இந்தப் பயத்தோடுதான் முதல் வளைவுக்குள் நுழைகிறார். ஆனால் இந்தக் கார்கள் செய்வதெல்லாம் கணக்கில் அடங்கும். அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், எதைப் பழக வேண்டும், எந்த வேகத்தில் பழக வேண்டும் என்பது தானே தெளிவாகும்.

மிட்-என்ஜின் காரில் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கும். மொத்த எடையில் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல் விழும். இதைவிட முக்கியமானது சுழற்சி நிலைமம். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது அதன் எடையையும், மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நீளமான கழியின் இரு முனைகளிலும் குடத்தைக் கட்டித் தோளில் வைத்திருப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. குடங்களைத் தோளருகே நகர்த்தினால் எளிதாகத் திரும்பிவிடுவார். 150 கிலோ என்ஜின் காரின் எடை மையத்திலிருந்து 1.4 மீட்டர் தள்ளி முன்னால் இருந்தால் அதன் பங்கு 294 அலகுகள். அதே என்ஜின் 0.7 மீட்டரில் இருந்தால் 73.5 தான். தூரம் பாதியானதும் பங்கு கால் பங்காகிவிட்டது.

இதனால்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்புகிறது. சறுக்கினாலும் அதே வேகத்தில்தான் திரும்பும். குறைந்த நிலைமம் கொண்ட கார் சுழலத் தொடங்குவதும் சீக்கிரம், சுழற்சியை நிறுத்துவதும் சீக்கிரம். கார் மாறியதற்காக மனிதனின் எதிர்வினை நேரம் மட்டும் குறைவதில்லை. முன்-என்ஜின் காரில் போதுமானதாக இருந்த கால் நொடித் தாமதம் இங்கே கொஞ்சம் அதிகம்.

இனி அசல் விஷயம்: எடை மாற்றம். 1,300 கிலோ கார், எடை மையத்தின் உயரம் 48 செ.மீ., அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், எடைப் பகிர்வு 43/57 என்று வைத்துக்கொள்வோம். சும்மா நிற்கும்போது பின் அச்சின் மேல் 741 கிலோ. வளைவில் மிதமாக ஆக்சிலரேட்டரை அழுத்தி 0.15 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) முடுக்கத்தில் போனால், 39 கிலோ பின்னால் நகர்ந்து அது 780 ஆகும். அந்த நேரம் பயந்து காலை முழுவதும் எடுத்தால், கீழ் கியரில் என்ஜினே பிடித்து இழுத்து 0.15 ஜி வேகக் குறைப்பைத் தரலாம்; பின் அச்சுக்கு இப்போது 702 கிலோதான். அரை நொடிக்குள் பின் டயர்களை அழுத்திக்கொண்டிருந்த சுமையில் பத்து சதவீதம் காணாமல் போகிறது. முன் டயர்களுக்கோ சுமை 520-லிருந்து 598 கிலோவாக, 15 சதவீதம் கூடுகிறது.

வளைவில் காரைப் பிடித்து வைக்கும் பக்கவிசையில் பின் டயர்களின் பங்கு கார் எடையின் நிலையான பகிர்வைப் பொறுத்தது. சுமை எங்கே நகர்ந்தாலும் பின் டயர்கள் 57 சதவீதத்தைத் தாங்கியே ஆக வேண்டும். வேலை அப்படியே இருக்கிறது, பிடிமானம் மட்டும் குறைகிறது. போதாததற்கு என்ஜின் பிரேக்கிங் முழுதும் பின் சக்கரங்கள் வழியாகவே நடப்பதால், மிச்சமிருந்த பிடிமானத்திலிருந்து அதுவும் ஒரு துண்டைப் பிய்த்துக்கொள்ளும். முன்பக்கம் கூர்மையாகப் பிடிக்க, பின்பக்கம் வெளியே வழுக்க, கார் சுழல்கிறது.

பெரும்பாலான விபத்துகளின் வரிசை இதுதான். வேகம் சற்று அதிகமாக வளைவுக்குள் நுழைகிறார். எடை குறைந்த முன்பக்கம் நேராகவே நழுவுகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறார். அதுவும் போதாமல் காலை எடுக்கிறார். சுமை முன்னால் வந்ததும், ஏற்கெனவே அதிகமாக ஒடிந்திருக்கும் முன் சக்கரங்கள் திடீரென்று பிடித்துக்கொள்கின்றன. சொல்லாமல் சுற்றியதாக அவருக்குத் தோன்றும். ஸ்டீயரிங் இலகுவாகி முன்பக்கம் நழுவியபோதே கார் சொல்லிவிட்டது.

ஓட்டிப் பழகுவதற்கு முன் பார்க்க வேண்டியது டயர். பழைய காரின் கெட்ட பெயரில் பாதி டயருடையது என்பது எங்கள் கருத்து. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். குறைவாக ஓடிய கார்களில் டயரின் பட்டன் (தரையைத் தொடும் பள்ளமேடு) ஆழமாகத் தெரியும், ரப்பரோ பத்து வயதாகி இறுகியிருக்கும். ஆறு வயதைத் தாண்டிய டயரை, எவ்வளவு பட்டன் இருந்தாலும், நம்பிக்கை வளர்க்க வந்தவர் நம்பக் கூடாது. நான்கும் ஒரே நிறுவனம், ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் புதிது, பின்னால் தேய்ந்தது என்ற கலவை ஆபத்து. ஈரச் சாலையில் அதுவே சுழற்றிவிடும்.

காற்றழுத்தத்தில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. இந்தக் கார்களுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு அழுத்தம், பெரும்பாலும் பின்னால் சில பி.எஸ்.ஐ. கூடுதல். காற்று அடிப்பவர் பழக்கத்தில் நான்கிலும் ஒரே அளவு வைத்து அனுப்பிவிடுவார். தயாரிப்பாளர் வேண்டுமென்றே பின்பக்கம் நிலையாக இருக்க அமைத்த சமநிலை அதோடு போய்விடும். கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நீங்களே அளந்து வையுங்கள்.

அடுத்தது பின் சக்கர அலைன்மென்ட். பின் சக்கரங்கள் இரண்டும் லேசாக உள்நோக்கி இருக்கும்படி வைப்பது நிலைத்தன்மைக்காக. பின் சஸ்பென்ஷனின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் நைந்துபோனால், காலை எடுத்ததும் சக்கரம் தானாகத் திசை மாறும். நேர்ச் சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டு அழுத்தி விட்டு அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் பக்கவாட்டில் அசைந்தால் புஷ்களை மாற்றி, நான்கு சக்கர அலைன்மென்ட் செய்த பிறகுதான் மற்றதெல்லாம். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 டிகிரி.

பழகுவதற்கு, அனுமதி பெற்ற காலியான தார் மைதானமோ ஓட்டுநர் பயிற்சித் திடலோ வேண்டும். சுமார் 100 மீட்டர் சதுரம் இருந்தால் போதும். முதலில் நேர்க்கோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து நிறுத்துங்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில் பெடல் துடிக்கும், பயப்பட வேண்டாம். நல்ல டயரும் உலர்ந்த தரையும் இருந்தால் 16 மீட்டர் அளவில் நின்றுவிடும். எடை பின்னால் இருப்பதால் கடும் பிரேக்கிலும் பின் சக்கரங்களுக்கு வேலை இருக்கிறது. மிட்-என்ஜின் கார்கள் நன்றாக நிற்பதன் ரகசியம் அதுதான்.

பிறகு வட்டம். 20 மீட்டர் ஆரத்தில் கூம்புகளை வைத்து இரண்டாம் கியரில் 28 கி.மீ. வேகத்தில் சுற்றினால் பக்கவிசை 0.3 ஜி. வேகம் 39 ஆனால் 0.6 ஜி, 48 ஆனால் 0.9 ஜி. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், கடைசி பத்து கி.மீ. முதல் பத்தைப் போல இருக்காது. 28-ல் தொடங்கி, ஸ்டீயரிங்கை அசைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்லக் கூட்டிக் குறையுங்கள். குறைத்தால் மூக்கு உள்ளே வரும், கூட்டினால் வட்டம் விரியும். வலது கால் இன்னொரு ஸ்டீயரிங் என்பது உடம்புக்குப் புரிவது இங்கேதான். சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டி, காலை மெதுவாக எடுப்பதற்கும் சட்டென்று எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இ.எஸ்.சி. (சறுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு) உள்ள காரில் அதை அணைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும்தான் புதிய கார்களில் அது கட்டாயமானது. உங்கள் கார் அதற்கு முந்தையது என்றால், இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் வழுக்கினால், போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். காலைத் திடீரென எடுக்காமல் அப்படியே வையுங்கள். பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த படி: டயர் மறுபடி பிடிக்கும் கணத்தில் ஸ்டீயரிங்கை அதே வேகத்தில் நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் இன்னும் கடுமையாக வீசும். மீட்க முடியாத அளவு சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக அழுத்திவிடுங்கள்.

சாலையில் இதெல்லாம் எளிய பழக்கமாகச் சுருங்கும். வேகத்தைக் குறைப்பதும் கியர் மாற்றுவதும் வளைவுக்கு முன்பே, நேர்க்கோட்டில் முடியட்டும். வளைவுக்குள் லேசான, நிலையான ஆக்சிலரேட்டர். ஈரச் சாலையில் கீழ் கியருக்கு இறங்கும்போது கிளட்சை விடும் முன் ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி என்ஜின் சுற்றை உயர்த்துங்கள்; இல்லாவிட்டால் அந்த உதறலே பின் சக்கரங்களைப் பிடி நழுவ வைக்கும். தேங்கிய நீரில் எடை குறைந்த முன்பக்கம்தான் முதலில் மிதக்கும். நாசாவில் விமான டயர்களுக்காக உருவான கணக்கின்படி 29 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் சுமார் 90 கி.மீ. வேகத்தில் நீரின் மேல் ஏறிவிடும். அகலமான, தேய்ந்த டயர் அதற்கு முன்பே. ஸ்டீயரிங் காற்றில் திரும்புவது போல இலகுவானால் அதை ஒடிக்காமல், பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, முன் டயர்கள் மீண்டும் தரையைத் தொடும்வரை காத்திருங்கள்.