பகா எண்: பிரிக்க முடியாத எண்ணுக்குப் பொருத்தமான பேர்

எல்லாரும் பிரைம் நம்பர்னுதான் சொல்றோம், பகா எண்னு சொன்னா பரீட்சைல மட்டும் வர்ற வார்த்தை மாதிரி தோணுது, ஆனா ரெண்டுல எது அர்த்தத்த நேரா சொல்லுதுன்னு பாத்தா எனக்கு பகா எண்தான்.

பகுன்னா பிரி. பகுதி, பகுப்பு, பகிர் எல்லாம் அதோட சொந்தக்காரங்கதான். பகாத எண்ங்கறதுல கடைசி 'த' போய் பகா எண் ஆச்சு, வாடாத மலர் வாடா மலர் ஆன மாதிரி, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு படிச்சிருப்பீங்களே அதேதான். நன்னூல்ல சொல்லையே இப்படித்தான் பிரிச்சிருக்காங்க: உண்டான்ங்கறது உண்+ட்+ஆன்னு பிரியும், அதனால பகுபதம், நிலம், நீர் எல்லாம் அர்த்தமுள்ள துண்டா பிரியாது, அதனால பகாப்பதம். எண்ணுக்கும் அதே அச்சுதான், 15 = 3 × 5, பகு எண்; 13-ஐ அதவிடச் சின்ன எண்களோட பெருக்கலா எப்படியும் பிரிக்க முடியாது, பகா எண்.

பிரைம்ங்கறது லத்தீன் வார்த்தை, பிரைமஸ்னா முதலாவது. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கிரேக்கத்துல 'புரோட்டோஸ்'னு எழுதினதும் அதே அர்த்தம்தான், மத்த எண்ணெல்லாம் இதுங்கள பெருக்கித்தானே வருது, அதனால இது முதல். இலங்கைத் தமிழ்ல முதன்மை எண்னு சொல்றது இத ஒட்டித்தான், அதுவும் தப்பில்ல. ஆனா காம்போசிட் நம்பர, அதாவது பகு எண்ண மட்டும் தயவுசெஞ்சு கலப்பெண்னு எழுதாதீங்க, அது காம்ப்ளெக்ஸ் நம்பரோட பேர்.

பகா எண்ங்கற பேர்ல ஒரு சின்ன குறை இருக்கு. 1-ஐயும்தான் பிரிக்க முடியாது, ஆனா அது பகா எண் இல்ல. சரியா ரெண்டே வகுத்தி இருக்கணும், 1-க்கு ஒண்ணுதான் இருக்கு. அத சேத்துக்கிட்டா 6 = 2×3 = 1×2×3 = 1×1×2×3ன்னு போயிட்டே இருக்கும், ஒரு எண்ண பகா எண்களா ஒரே விதத்துலதான் பிரிக்க முடியும்ங்கற அழகே போயிடும்.

ஒரு பெரிய எண் பகா எண்ணா இல்லையாங்கறது எவ்ளோ ஏமாத்தும்னு பாருங்க. 2-ஐ 32 தடவை பெருக்கி 1 கூட்டினா 4294967297. இதே மாதிரி 2-ஐ 1, 2, 4, 8, 16 தடவை பெருக்கி 1 கூட்டினா வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண், அதனால இதுவும் அப்படித்தான் இருக்கும்னு ஃபெர்மாங்கற கணித அறிஞர் நம்பினார். 1732-ல ஆய்லர்ங்கற இன்னொரு கணித அறிஞர் இது 641-ஆல வகுபடும்னு காட்டிட்டார். இதோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64-ஆல வகுத்தா மீதி 1 வரணும், அதுதான் சாவி. அந்த மாதிரி பகா எண்கள வரிசையா எடுத்தா 193, 257, 449, 577, அடுத்தது 641, அஞ்சாவதே மாட்டிக்குது! 641 × 6700417, பேப்பர்ல பெருக்கிப் பாருங்க, சரியா வரும். அந்த 6700417-ஐ இனிமே உடைக்க முடியாது, அதுவும் பகா எண்தான்.