வரி நீங்கிய பின் மருத்துவக் காப்பீடு: மலைவாழ் பாலிசிதாரர்கள் அறிய வேண்டியவை

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி முழுமையாக நீக்கப்பட்டது. 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 4,500 ரூபாய் வரியும் சேர்த்துக் கட்டிவந்த கோத்தகிரிச் சிறு தேயிலை விவசாயிக்கு இது பெரிய நிம்மதி. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு இச்சலுகை இல்லை.

வரி நீங்கியதால், முகவர் கமிஷன் உள்ளிட்ட செலவுகளுக்குச் செலுத்திய வரியை, பாலிசிதாரரிடம் வசூலித்த வரியில் கழித்துக் காப்பீட்டு நிறுவனங்கள் இனி ஈடுகட்டிக்கொள்ள இயலாது. சில நிறுவனங்கள் அந்தச் சுமையை முகவர் மீது இறக்கி, கமிஷனுக்குள்ளேயே ஜிஎஸ்டியும் அடக்கம் என்று வைத்துக்கொண்டன. இதனால் 1,000 ரூபாய் கமிஷன் ஏறத்தாழ 847 ரூபாயாகிறது. முகவர் என்ற முறையில் என் வருமானத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இதய அடைப்போ விபத்தோ நேர்ந்து, நோயாளியைக் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டிய இரவில், எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் வசதி (கையிலிருந்து பணம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும் முறை) உண்டு என்று பார்த்துச் சொல்வதும், குடும்பத்தார் பதறி நிற்கையில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுடன் பேசுவதும் பெரும்பாலும் உள்ளூர் முகவர்தான். அவர் தொழிலை விட்டால் அந்த வேலை குடும்பத்தாரின் தலையில் விழும்.

ஆகவே, முகவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் பாலிசிதாரர் தாமே அறிந்திருக்க வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்நோய்களின் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம், அதிகபட்சம் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைந்துள்ளது. 60 மாதங்கள் இடைவிடாமல் பாலிசி தொடர்ந்திருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, நோயை மறைத்ததாகக் கூறி க்ளெய்மை (காப்பீட்டுத் தொகைக்கான கோரிக்கையை) மறுக்க இயலாது. முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஆனால் பிரீமியம் கட்டத் தவறி பாலிசி காலாவதியானால் இந்த மாதக் கணக்கு அறுந்து, காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். பச்சைத் தேயிலை விலை சரிந்த பருவத்தில் புதுப்பித்தலைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு இதைத்தான் நான் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறேன். நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் பாலிசியை விட்டுவிடாமல், புதுப்பிக்கும் தேதிக்கு முன்னரே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு, கழிந்த காலமும் கணக்கில் சேரும். சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவாயினும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று எந்த முகவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, புகாரை இணையவழியாகவே அளிக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.