தண்ணீர் வற்ற வற்றப் பூக்கும் தரவை

மாரி முடிந்து தை பிறந்ததும், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான மண்டைதீவு, வேலணை, நெடுந்தீவுப் பக்கத்துத் தரவைகள், அதாவது மாரியில் நீர் தேங்கிக் கோடையில் காயும் மேய்ச்சல் வெளிகள், பூக்கத் தொடங்கிவிடும். அந்த வழியால் தினமும் போய்வருகிறவர்கள்கூட அதைக் கவனிப்பது குறைவு. பூக்கள் மிகச் சிறியவை. காலை பத்து, பதினொரு மணிக்குப் பிறகு வருபவருக்கு அவற்றில் பல மூடிக் கிடக்கும். ஆனால் எந்த நேரத்தில், எந்தத் திசையில் நடப்பது என்று தெரிந்துவிட்டால், ஐம்பது மீற்றருக்குள் ஒரு பருவம் முழுவதையும் கண்டுவிடலாம்.

ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளுக்கு வசந்தத்தில் பூப் பார்க்கப் போகிறவர்கள் உறைபனியின் விளிம்பைத் தேடி நடப்பார்கள். அங்கே பனி எல்லா இடத்திலும் ஒரே நாளில் உருகுவதில்லை. காற்று அடித்துக்கொண்டு போகும் மேடுகள் முதலில் வெளிக்கும். பள்ளங்களில் கோடை வரை பனி கிடக்கும். உருகிய இடத்தில் பூ தொடங்கும். சொல்டனெல்லா என்ற சிறு ஊதாப் பூ, உருகும் பனிப் படலத்தைத் துளைத்துக்கொண்டே தலை நீட்டுவதுண்டு. தரவையில் அந்தப் பனியின் வேலையைச் செய்வது மாரி வெள்ளம். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை தாழ்வுகளில் தேங்கி நிற்கிறது. பிறகு மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மெல்ல வற்றுகிறது. அந்த விளிம்பைத் தொடர்ந்து பூவும் நகர்கிறது.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உயர்மலையில் கோடை மிகக் குறுகியது. விதையிலிருந்து முளைத்து, பூத்து, மறுபடி விதை தர அவகாசம் போதாது. அதனால் அங்கே பல்லாண்டுச் செடிகளே அதிகம். பல செடிகள் முந்திய ஆண்டே மொட்டை உருவாக்கி வைத்திருக்கும். தரவையில் அறுகு, பொடுதலை போன்றவை வேரோடு தங்கினாலும், பெருந்தொகையான செடிகள் கோடையைக் கடப்பது விதையாகத்தான்.

மண்ணில் கிடக்கும் விதைக்கு வெள்ளம் வடிந்த செய்தி எப்படித் தெரிகிறது? முதலாவது ஒட்சிசன். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர் மூடிய சேற்றில் பெரும்பாலான விதைகளுக்கு மூச்சு இல்லை; வடிந்ததும் மண் துளைகளில் காற்று நுழைகிறது. இரண்டாவது வெப்பம். தண்ணீருக்கு அடியில் இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூடுதான். சேறு வெளிப்பட்டதும் பகலில் சுடும், இரவில் குளிரும். இந்த ஏற்ற இறக்கமே பல சிறு விதைகளுக்கு முளைப்பதற்கான சைகை. மூன்றாவது ஒளி. மண்ணுக்குள் ஒளி ஒருசில மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது. ஆழத்தில் புதைந்த சிறு விதை, மாட்டின் குளம்பு மண்ணைக் கிளறி மேலே கொண்டுவரும்வரை காத்திருக்கும். காவிளாய் போன்ற அவரைக் குடும்பச் செடிகளின் விதைக்கு இன்னொரு பூட்டு: நீர் புகாத கடினத் தோல். வெயிலிலும் உராய்விலும் அது வெடித்த பின்புதான் உள்ளே நீர் போகும். சித்திரையில் ஒருநாள் கொட்டும் மழைக்கு எல்லா விதையும் முளைத்துவிட்டால் அந்த இனமே வெயிலில் கருகிப்போகும். இத்தனை பூட்டுகளும் அதற்காகவே.

இங்கேதான் பலருக்குத் தவறு நேர்கிறது. பூவைத் தேடி நேரே நீர்விளிம்புக்குப் போகிறார்கள். அங்கே வெறும் சேறுதான். முளைத்துப் பூக்க வாரக் கணக்கு வேண்டுமே. விளிம்பில் நின்று, தண்ணீருக்கு முதுகு காட்டி மேட்டை நோக்கி நடக்க வேண்டும். முதலில் வெறும் சேறு, பிறகு பச்சைப் புள்ளிகளாக நாற்றுகள், பிறகு மொட்டு, பிறகு பூ, மேட்டில் காய். ஒவ்வோர் அடியும் சில நாட்களைத் தாண்டுகிறது.

பாடசாலைப் பிள்ளைகளோடு இதை அளப்பது எளிது. 20 மீற்றர்க் கயிற்றில் 2 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நீர்விளிம்பில் ஒரு முளை, மேட்டில் ஒரு முளை அடித்து, விளிம்புக்குச் செங்குத்தாகக் கயிற்றைக் கட்டுங்கள். விளிம்போடு ஒட்டிக் கட்டினால் எல்லா முடிச்சிலும் ஒரே கட்டம்தான் தெரியும். ஒவ்வொரு முடிச்சிலும் நாற்று, மொட்டு, பூ, காய் எது என்று எழுதி, கிழமைக்கு ஒருதரம், அதே நேரத்தில், ஐந்து கிழமை பாருங்கள். மாடு மேய்ந்த முடிச்சில் ‘மேய்ந்தது’ என்று எழுதுங்கள். ‘பூ இல்லை’ என்று எழுதினால் கணக்குப் பிழைக்கும். சேற்றில் காலை வைக்கும் முன் தடியால் குத்திப் பாருங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் இறங்கவே வேண்டாம்.

காலை ஏழிலிருந்து பத்து வரை நல்ல நேரம். குனிந்து பார்த்தால் போதாது, முழங்காலில் இருக்க வேண்டும். விஷ்ணுகிராந்தியின் நீலப் பூ ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். இலையில் பட்டுப்போன்ற மயிர் படர்ந்திருக்கும். அது வெயிலைத் தெறிக்கவிட்டு நீரிழப்பைக் குறைக்கிறது. பொடுதலையின் பூங்கொத்து சுண்டுவிரல் நுனியளவு. அதில் பூக்கள் ஒரு வளையமாகக் கீழிருந்து மேலே ஏறி விரியும். புதுப்பூவின் நடு மஞ்சள், பழகிய பூவின் நடு செவ்வூதா. ஒரே கொத்தில் இரண்டையும் கைவில்லையால் பார்க்கலாம்.

மஞ்சள் நெருஞ்சியைக் கண்டால் செருப்பின் அடியையும் பாருங்கள். காய் ஐந்து துண்டாக உடையும்; ஒவ்வொரு துண்டிலும் நீண்ட முள் இரண்டு, உள்ளே சில விதைகள். அவை ஒன்றாக முளைப்பதில்லை. பெரும்பாலும் ஒன்று முந்தும், மற்றவை அடுத்த பருவங்களுக்குக் காத்திருக்கும். மெல்லிய இறப்பர்ச் செருப்பை முள் துளைக்கும். தடித்த அடியுள்ள சப்பாத்து நல்லது.

வழியோர வேலிகளில் கார்த்திகைப் பூவின் பருவம் அதற்குள் முடிந்திருக்கும். வெடித்த காயில் செம்மஞ்சள் விதைகள் தெரியும். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கொல்ச்சிசின் என்ற அந்த நஞ்சு உடலின் கலம் (செல்) பிரிவதைத் தடுக்கிறது. அதனால் விரைவாகப் பிரியும் குடல் உட்சுவர்க் கலங்களும் எலும்பு மச்சைக் கலங்களும் முதலில் பாதிக்கப்படுகின்றன. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். உண்ணும் கிழங்கென்று நினைத்து யாராவது தின்றுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆல்ப்ஸ் புல்வெளியில் பூக்கும் கொல்ச்சிக்கமும் இதே குடும்பம், இதே நஞ்சு. அங்கே அதன் இலையைக் காட்டுப்பூண்டு என்று சமைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு.

தரவைப் பூவுக்குக் கெடு வைப்பது உப்பு. மழைநீர் மண்ணின் உப்பைக் கீழே தள்ளி வைத்திருக்கும். மாசி வெயிலில் மேல்மண் காயக் காய, அடியிலுள்ள நீர் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகும். கூடவே வந்த உப்பு மேலேயே தங்கிவிடும். உப்பு கூடிய மண்ணிலிருந்து வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் செடி வாடும். அதற்குள் விதை உதிர்ந்திருக்க வேண்டும். பங்குனியில், கடைசியாகப் பூத்த பள்ளத்தில் வெள்ளைப் படலம் படியும். உப்புப் பூத்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அதன் நடுவே, உப்பைத் தன் கலங்களுக்குள் உள்ள நீர்ப்பைகளில் பூட்டி வைத்து நீர் இழுக்கத் தெரிந்த உமிரி மட்டும் தடித்த இலையோடு நிற்கும்.